பின்கட்டில் கறுப்புதான் சூடு

என் பிரியத்துக்குரிய வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மகள் நஸீமா எழுதுகிறேன். நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்கு நம் தெருப் பெண்கள் வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நேரில் வந்து சொல்ல வேண்டியதைத் தாளில் சொல்கிறேன். நீங்கள் சவூதியில் இருந்த காலத்திலும் நமக்குள் இப்படித்தானே நடந்தது?

அந்தக் கடிதங்களை உம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மழையில் சுவர் ஊறினாலும், "அதெல்லாம் எழுதாத புள்ள, அங்க தனியா இருக்குறவங்களுக்குச் சோறு எறங்காது" என்பார். எல்லோரும் நலம் என்று எழுதி மடித்து ஒட்டிவிடுவோம். எத்தனை காய்ச்சலை உங்களிடமிருந்து ஒளித்திருக்கிறோம், வாப்பா! இந்தக் கடிதத்தில் எதையும் ஒளிக்கப் போவதில்லை. ஜமாத் மலரில் அச்சுக்கும் கொடுக்கப் போகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த வருடம் அதிராம்பட்டினத்தில் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. கடல் காத்து பேருக்குத்தான். உம்மாவின் அறையில் ஏசி மாட்டுவது என்று உங்கள் மருமகனும் நானும் முடிவு செய்தோம். உம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்றார். "இருக்குற கரண்டே போதும். இன்னொரு மெசின எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டுவர்ற?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் உங்கள் கையால் இழுத்த கம்பிகளில் வேறொருவர் கை வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல், அதைப் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் சொல்லிக் கண்ணும் கலங்கினேன். என் புத்தி அவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பெண் பிறந்தால் அவள் பேரில் வீடு கட்டத் தொடங்குவார்கள். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். நான் பிறந்ததும் நீங்கள் முன்கூடத்தையும் ஓர் அறையையும் கட்டி, வயரிங்கை நீங்களே செய்துவிட்டு விமானம் ஏறினீர்கள். அதன் பிறகு விடுமுறைக்கு விடுமுறை வீடு பின்பக்கமாக வளர்ந்தது. இரண்டு அறைகளும் சமையல்கட்டும் அப்படி வந்தவைதான். மற்ற வாப்பாக்களின் பெட்டியில் செண்டும் போர்வையும் இருக்கும். நம் வீட்டுப் பெட்டியில் போர்வையைப் பிரித்தால் உள்ளே வயர் சுருள் இருக்கும். உம்மாவின் முகம் அப்போது போன போக்கு உங்களுக்கு நினைவிருக்கிறதா?

ஏசி வாங்கிய கடையில் ஓர் எலக்ட்ரீஷியனைச் சொன்னார்கள். பட்டுக்கோட்டைக்காரர், பெயர் குணசேகரன். ஐம்பது வயது இருக்கும். வந்தவர் ஏசிப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏசிய அப்புறம் பாக்கலாம் டீச்சர். மொதல்ல இந்த வீடு அதத் தாங்குமான்னு பாக்கணும்" என்றார். அன்று முழுவதும் அவர் ஒரு கம்பியையும் மாற்றவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்ப்பதும், பழைய காலண்டர் தாளின் முதுகில் படம் போடுவதுமாக இருந்தார். உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கும்.

முதலில் அகப்பட்டது உங்கள் மருமகனின் கைவரிசை. மெயின் போர்டில் பியூஸ் அடிக்கடி போகிறதே என்று, மெல்லிய பியூஸ் கம்பிக்குப் பதிலாகச் செம்பு இழைகள் நாலைந்தை முறுக்கி வைத்திருக்கிறார். "வீடே எரிஞ்சாலும் இது எரியாதுங்க" என்றார் குணசேகரன். உங்கள் மருமகன் ஏதோ அவசர வேலை இருப்பதுபோலக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்தது எர்த். பிளக்கில் மேலே பெரிதாக இருக்கிற மூன்றாவது ஓட்டை அதற்குத்தான். மெஷினுக்குள் கரண்ட் கசிந்து அதன் இரும்பு உடம்புக்கு வந்துவிட்டால், தொடுகிற ஆளின் மீது பாயாமல் அதை நேரே மண்ணுக்குள் கொண்டுபோய் விடுகிற கம்பி. குணசேகரன் ஒரு குண்டு பல்பில் இரண்டு வயர் கட்டி வைத்திருந்தார். ஒரு முனையைக் கரண்ட் வரும் ஓட்டையிலும் மறு முனையை எர்த் ஓட்டையிலும் வைத்தார். எர்த் சரியாக இருந்தால் பல்பு எரிய வேண்டும். கூடத்தில் எரியவில்லை. உம்மாவின் அறையிலும் சமையல்கட்டிலும் அதேதான். நான், "எங்க எர்த் எப்படிங்க போகும்? வெள்ளிக்கிழமை தவறாம தண்ணி ஊத்துறோமே!" என்றேன்.

அது உங்களுடைய உத்தரவு. ஜும்ஆ தொழுதுவிட்டு சவூதியிலிருந்து போன் செய்வீர்கள். சலாம் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி, "குழிக்குத் தண்ணி ஊத்துனியாம்மா?" என்பதுதான். என் படிப்பு, பரீட்சையெல்லாம் அதற்குப் பிறகு. கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி தோண்டி, குழாயை நிறுத்தி, கரியும் நம்மூர் உப்பளத்து உப்புமாக அடுக்கி நீங்கள் மூடிய குழி அது. மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்பீர்கள். நீங்கள் மௌத்தான பிறகும் உம்மா ஒரு வெள்ளியைக்கூட விடவில்லை. குடத்தைத் தூக்க முடியாத நாட்களில் சொம்பு சொம்பாக ஊற்றினார்.

குணசேகரன் மண்வெட்டி வாங்கித் தோண்டினார். ஒரு முழம் போனதும் குழாயின் தலை தெரிந்தது. அதில் கட்டியிருந்த கம்பியை அவர் மெதுவாக இழுத்துப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது. முடுக்கி வைத்திருந்த இடம் முழுக்கத் துரு. "கடலோர மண்ணு. உப்பும் போட்டிருக்கீங்க. ஈரம் நல்லாத்தான் இருக்கு, கம்பிய அரிச்சிருச்சு" என்றார். எத்தனை வருடமாக அது அறுந்து கிடந்ததோ தெரியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், வாப்பா. தண்ணீர் ஊற்றச் சொன்ன நீங்கள், வருடத்துக்கு ஒரு முறை தோண்டிக் கம்பியைப் பார்க்கச் சொல்லவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

அதுவரை எனக்கு மனசு கலங்கவில்லை. கலங்கியது சமையல்கட்டில்தான்.

கிரைண்டருக்கான பிளக் பெட்டியைத் திறந்து டெஸ்டரை வைத்தவர், "டீச்சர், இங்க கறுப்புல கரண்ட் வருது" என்றார். நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் மூன்று கோடு போட்டு, சிவப்பில் கரண்ட் வரும், கறுப்பு திரும்பிப் போகிற நியூட்ரல், பச்சை எர்த் என்று வருடா வருடம் சொல்கிறவள். கறுப்பில் கரண்ட் என்றால் வயரிங்கைச் செய்தவர் மாற்றிச் செய்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? "எங்க வாப்பாதான் செஞ்சாங்க" என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க இந்த வேலையே பார்த்த என் வாப்பாவா?

குணசேகரன் ஸ்டூலைப் போட்டு ஏறினார். முன்கட்டும் பின்கட்டும் சேருகிற இடத்தில் உள்ள பெட்டியைத் திறந்தார். முன்னாலிருந்து வருகிற சிவப்பைப் பின்கட்டுக் கறுப்போடும், முன்னாலிருந்து வருகிற கறுப்பைப் பின்கட்டு வெள்ளையோடும் முறுக்கி, டேப் சுற்றி, ஒழுங்காக வைத்திருந்தீர்கள். பின்னறைகள் இரண்டிலும் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "அய்யா சவூதியில வேலை பாத்தாரா? அமெரிக்கன் கம்பெனியா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப தப்பில்லைங்க. அந்த மாதிரி எடத்துல கறுப்புதான் கரண்ட் வர்ற லைன், 'ஹாட்'டுன்னு சொல்வாங்க, வெள்ளை நியூட்ரல். அவருக்குக் கைப்பழக்கம் அதுதான். கொண்டாந்த வயரும் அதுதான். எல்லாத்தையும் ஒரே சீரா செஞ்சிருக்காரு. சவூதிக்காரங்க வீட்டுல இத நெறைய பாத்திருக்கேன்." நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை. "ஆனா இந்த ஒரு சுவிட்சு மட்டும் வேற கை. கறுப்ப நேரா பிளக்குக்குக் கொடுத்துட்டு, வெள்ளைய சுவிட்சுல மாட்டியிருக்கு. சுவிட்ச அணைச்சா மெசின் நிக்கும், ஆனா கரண்டு உள்ளயேதான் இருக்கும். இத யாரு மாட்டுனது?"

வாசற்படியில் உம்மா நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

நான்தான் மாட்டினேன், வாப்பா.

உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த வாரம். கிரைண்டர் பிளக் பெட்டி வெடித்துக் கிடந்தது. கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் தனித்திருக்கிற இத்தாவில் உம்மா இருந்ததால் வெளி ஆண்கள் யாரையும் வீட்டுக்குள் கூப்பிட முடியாது. எனக்கோ உள்ளுக்குள் ஒரு வேகம். வாப்பா வீட்டை வாப்பா மகள்தான் இனிமேல் பார்க்க வேண்டும் என்ற வேகம். சுவிட்சோடு சேர்ந்த புதுப் பெட்டி ஒன்று வாங்கி வந்து, மெயினை அணைத்துவிட்டு, உங்கள் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உம்மா பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்கு அவர் சொன்னது சமையல்கட்டில் நிற்கும்போது அப்படியே காதில் கேட்டது:

"கறுப்பத் தொடாத புள்ள. பின்கட்டுல கறுப்புதான் சூடுன்னு உங்க வாப்பா சொல்லிருக்காங்க."

நான் சிரித்தேன். "உம்மா, இதைத்தான் நான் பத்தாவதுக்கே நடத்துறேன். கறுப்பு ஒண்ணும் செய்யாது" என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். டெஸ்டர் உங்கள் பெட்டியிலேயே கிடந்தது. வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்குமா? நான் பார்க்கவில்லை. மெயினைப் போட்டதும் கிரைண்டர் சுற்றியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

குணசேகரன் கிரைண்டரையும் சோதித்தார். மோட்டார் பழசு, உள்ளே ஓரிடத்தில் வயர் தேய்ந்து, கரண்ட் உடம்புக்குக் கசிகிறது என்றார். சுவிட்ச் உங்கள் வழியில் இருந்திருந்தால் அணைத்ததும் அது செத்த இரும்பாகியிருக்கும். எர்த் உயிரோடு இருந்திருந்தால் கசிவைக் கொண்டுபோயிருக்கும். அப்படிக் கொண்டுபோகும்போது, பியூஸ் பியூஸாக இருந்திருந்தால் எரிந்து போய்க் காட்டிக் கொடுத்திருக்கும். நாங்கள் மூன்றையும் அடைத்து வைத்திருந்தோம். அவர் கண் கிரைண்டருக்குக் கீழே கிடந்த ரப்பர் விரிப்பிலும் உம்மாவின் ரப்பர் செருப்பிலும் போய் நின்றது. "அம்மா, இதுல உங்களுக்கு எப்பவாச்சும் அடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு தடவ, தம்பி" என்றார் உம்மா. சொல்லும்போது இடது கை தானாகப் போய் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

இத்தா முடிந்து சில மாதத்தில் உம்மா சமையல்கட்டில் விழுந்து அந்தக் கை முறிந்தது. ஈரத்தில் வழுக்கிவிட்டது என்றார். பட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போட்டு வந்தோம். வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். தண்ணீரைச் சிந்தாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது, சின்னப் பிள்ளையா நீங்கள் என்றெல்லாம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் செருப்பு வந்தது. சமையல்கட்டுக்குள் செருப்பு போடுகிற பெரிய மனுஷி என்று நான் கேலி செய்தேன்.

"அன்னைக்கு மாவு எடுத்துட்டு, சுவிட்ச அணைச்சுட்டுத்தான் தண்ணி ஊத்திக் கழுவுனேன். உங்க வாப்பா சொல்லிக் கொடுத்தபடிதான். தூக்கி அடிச்சிருச்சு" என்றார். அதற்குப் பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாராம். அதை அவராகவே கண்டுபிடித்துக்கொண்டார். என்னையோ வேலைக்கு வருகிற பெண்ணையோ ஒரு நாளும் கிரைண்டரைக் கழுவ விட்டதில்லை. "தள்ளு, நான் பாத்துக்கிறேன்" என்பார். உம்மாவுக்கு அவர் சாமான் மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டு நானும் நிம்மதியாகக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவேன்.

"ஏன் உம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கேட்கும்போது அழுகை வந்துவிட்டது. குணசேகரன் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

"உங்க வாப்பா போய் நாப்பது நாள்தான் ஆயிருந்துச்சு. இனிமே நாந்தான் பாத்துக்குவேன்னு ஆசையா உக்காந்து மாட்டுன. அதப் போய் தப்புன்னு எப்படிப் புள்ள சொல்றது?"

ஏர்மெயில் காலத்து உம்மாதான், வாப்பா. உங்களிடம் காய்ச்சலை மறைத்தவர், என்னிடம் ஒரு கையையே மறைத்துவிட்டார். ஏசி வேண்டாம் என்று அவர் மறுத்தது உங்கள் கம்பிகளின் மீதுள்ள பாசத்தால் அல்ல. நான் இன்னொரு மெஷினைக் கொண்டுவந்து மாட்டினால் அதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டுமே என்ற பயம். இந்த வயதில், தன் வீட்டுச் சமையல்கட்டில், பெற்ற பிள்ளையின் கைவேலைக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறார். அன்று அவர் இதயம் நின்றிருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் இப்போது பள்ளிக்கூடம் போய் வருகிறேன்.

வீடு முழுக்கப் புது வயரிங் முடிந்துவிட்டது. உங்கள் கம்பிகளின் மேலுறை பல இடங்களில் தொட்டாலே உதிர்ந்தது, அதனால் வைத்துக்கொள்ள வழியில்லை. இனி முன்கட்டிலும் பின்கட்டிலும் ஒரே வண்ணம். மெயின் போர்டில், துளி கசிந்தாலும் தானே விழுந்துவிடுகிற ட்ரிப்பர் மாட்டியிருக்கிறார். மருமகனின் செம்பு முறுக்குக்கு அங்கே இனி இடமில்லை. கிரைண்டர் மோட்டாரையும் புதிதாகச் சுற்றி வாங்கிவிட்டோம். பழைய கறுப்புக் கம்பியில் நல்லதாக இருந்த ஒரு துண்டை உம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். "உங்க வாப்பா தூக்கிச் சுமந்து வந்த சாமான், வீணாக்கக் கூடாது" என்று கொல்லையில் கட்டிவிட்டார். இப்போது அதில் துணி காய்கிறது.

எர்த் குழிக்குத் துரு பிடிக்காத செம்புப் பட்டை வந்திருக்கிறது. மூடி போட்டிருப்பதால் திறந்து பார்க்கலாம். முதல் குடம் தண்ணீரை உம்மாவும் நானும் சேர்ந்து ஊற்றினோம். குணசேகரன் மறுபடியும் அந்தக் குண்டு பல்பை எடுத்தார். எரிந்தது, வாப்பா. பட்டப்பகலில் ஒரு பல்பு எரிவதைப் பார்த்து உம்மா மாஷா அல்லாஹ் என்றார்.

அடுத்த வாரம் வகுப்பில் மூன்று கோடும் போட்டு முடித்த பிறகு, இந்தக் கதையை என் பெயரைச் சொல்லியே பிள்ளைகளிடம் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எங்க வாப்பாவும் சவூதிதான் மிஸ், எங்க வீட்டையும் அவங்கதான் செஞ்சாங்க" என்றாள். அன்று மாலையே குணசேகரன் அவள் வீட்டுக்குப் போனார். இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதும் அதனால்தான். நம் ஊரில் விடுமுறைக்கு விடுமுறை வளர்ந்த வீடுகள் எத்தனை! அவற்றைச் செய்தவர்கள் பலர் இன்று உங்களோடு இருக்கிறார்கள். எந்தக் கம்பி எதுவென்று யாரிடம் சொல்லிவிட்டுப் போனார்களோ, அவர்கள் பெரும்பாலும் அடுப்படியில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. வேலை முடிந்த அன்று, எல்லாவற்றையும் மீட்டர் வைத்துச் சோதித்து, ட்ரிப்பரையும் அழுத்திக் காட்டிவிட்டுக் குணசேகரன் கிளம்பினார். உம்மா சமையல்கட்டு வாசலிலேயே நின்றார். செருப்பு காலில் இருந்தது. "ஏம்மா, நெசமாவே சரியாயிருச்சா?" என்றார்.

நான் ரப்பர் விரிப்பை இழுத்து ஓரமாகப் போட்டேன். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, கிரைண்டரை ஓடவிட்டு, நனைந்த கையை அதன் உடம்பில் வைத்தேன். உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க உம்மா, ஒண்ணுமில்ல. எடுத்துடவா?"

"இன்னும் கொஞ்ச நேரம் வச்சிரு" என்றார்.

வைத்திருந்தேன். அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். பிறகு அவர் செருப்பை வாசற்படியிலேயே கழற்றி விட்டுவிட்டு வந்து, அந்த முறிந்து கூடிய வலது கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

வாப்பா, இனி வெள்ளிக்கிழமை தண்ணீர் என் பொறுப்பு. மழைக்கு முன்னால் வருடா வருடம் குழி மூடியைத் திறந்து கம்பியைப் பார்ப்பதும் என் பொறுப்பு. இந்த வீட்டில் எந்தத் திருகாணியைத் தொடுவதானாலும் முதலில் உம்மாவிடம் கேட்பேன். அவர் சொன்னதை டெஸ்டர் வைத்துப் பார்ப்பேன். அதன் பிறகுதான் என் படிப்பைக் கேட்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. இதை உம்மாவிடம் படித்துக் காட்டினேன். முதல் முறையாக எந்த வரியையும் அடிக்கச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில், "கை இப்ப வலிக்கலன்னும் எழுது" என்றார்.

மழை நாளில் வலிக்கத்தான் செய்கிறது, வாப்பா.

உங்கள் வீட்டில், உங்கள் மனைவியின் பேச்சைக் கேட்டு நடக்கும்
உங்கள் மகள்
நஸீமா